வெள்ளறடைக்கு மேலே சரல் பாதைகள்

1

இன்று மாலை விமானத்தில் என் மகள் ஹன்னா வந்து இறங்கியிருக்க வேண்டும். விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாகக் கைப்பேசி சொன்னது. அவள் அதில் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் காரை விமான நிலையத்துப் பக்கம் திருப்பினேன். வருகிறவர்கள் வெளியே வரும் கதவுக்கு எதிரில் ஒரு காபியை வாங்கிக்கொண்டு நின்றேன். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் விமானப் பணிப்பெண்களும் வந்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது.

என் கணவர் எட்வின் எங்கோ நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"எங்க நிக்க?"

"ஏர்போர்ட்டுல."

"அங்க என்னத்துக்கு?"

"சும்மா."

இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு குடித்தனம் செய்கிறவர். "செரி, வீட்டுக்குப் போய் வல்லதும் தின்னு" என்று மட்டும் சொன்னார்.

கேரள எல்லையில் இருக்கும் என் சொந்த ஊரான குன்னத்துகாலில் என்னைப் பற்றி இதற்குள் பல கதைகள் ஓடுவதாக என் தம்பி சொல்கிறான். மகளை ஊரில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் ஏன் கனடாவுக்குத் திரும்பினாள், அவள் தோள் எப்படி ஒடிந்தது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். மகள் தள்ளிவிட்டாள் என்றுகூட ஒரு கதை உண்டாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்கு நடுவே ஒரு சிறு ஊர். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எட்வினுக்கு நெடுந்தூர லாரி என்பதால் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

வந்த புதிதில் லீவு நாள் என்றாலே எனக்குப் பயம். துடைத்த அலமாரியை மறுபடி துடைப்பேன். ஜன்னலுக்கு வெளியே மரமும் பனியும். தெருவில் ஒரு ஆள் நடக்கமாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும். டாக்டரிடம் சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

அந்தக் காலை அசையவிட வழி சொன்னவள் ஹன்னாதான். பள்ளியில் படிக்கும்போதே மாலை நேரத்தில் சைக்கிள் கடையில் வேலை செய்தாள். யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பைக்கை எனக்காகச் சரிசெய்து கொண்டுவந்தாள். கிராவல் பைக் என்று பெயர். பந்தய சைக்கிளைப்போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம், கல்லிலும் மண்ணிலும் பிடித்துக்கொண்டு போகும்.

இங்கே மரம் வெட்டுகிறவர்கள் மலை முழுக்கப் பாதை போட்டுவைத்திருக்கிறார்கள். தார் கிடையாது. உடைத்த கல்லைக் கொட்டி உருளை ஓட்டிய பாதை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்குச் சரல் என்று பெயர். ஒரு பள்ளத்தாக்கில் ஏறினால் இன்னொரு பள்ளத்தாக்கில் இறங்கலாம். கைப்பேசியில் சிக்னல் கிடையாது. மரம் ஏற்றிய லாரி வளைவில் வந்தால் பாதையின் ஓரத்துக்கே போய்விட வேண்டும். கரடிக்கு நாம் வருவது முன்பே தெரிய வேண்டும், திடீரென்று எதிரே போய் நிற்கக்கூடாது. அதற்காகச் சிலர் மணி கட்டிக்கொள்வார்கள். நான் ஒவ்வொரு வளைவிலும் எங்கள் சபையில் பாடும் கீர்த்தனையைத் தொண்டை கிழியப் பாடுவேன். "கரடிக்கும் இரட்சிப்பு வேண்டாமா?" என்று எட்வின் கேலி செய்வார்.

சிலர் மலை உச்சிக்குப் போனதும் கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வராது. ஏறும்போது எப்போது இறங்குவோம் என்றிருக்கும். இறங்கி முடித்ததும் அடுத்த ஏற்றம் எங்கே என்று கண் தேடும். ஆனாலும் அன்றைக்கு மட்டும் தூக்கம் வரும்.

3

ஹன்னாவுக்கு ஆறு வயதில் ஒருநாள், நான் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மறுநாளும் அப்படியே. எந்தச் சண்டையும் இல்லாமல் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அம்மா கோபப்பட்டுப் பேசுவது தமிழ், அப்பா நண்பர்களோடு போனில் சிரித்துப் பேசுவது மலையாளம், இரண்டும் ஒரே மொழிதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தாள். பிறகு ஒரு வசந்தகாலத்தில் போதும் என்று வந்துவிட்டாள். சைக்கிள் கடையில் முழுநேர வேலை. வார இறுதியில் கூடாரத்தைப் பைக்கில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பேன். திரும்பி வந்து சேற்றோடு நிற்பாள். "நல்லா இருந்துது" என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. அதற்கு மேல் எனக்குக் கிடைக்காது.

சென்ற ஆண்டு ஒருநாள் மடிக்கணினியை என் முன்னால் வைத்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அம்மா, இது உங்க ஊர்தானே?"

வானத்திலிருந்து எடுத்த படம். பச்சைக்குள் பழுப்பு நூல்கள் ஓடின. குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் வெள்ளறடை, அதற்கு மேலே மலை, அந்தப் பக்கம் நெய்யாற்று அணையின் நீர். இந்த நூல்கள் எல்லாம் ரப்பர் தோட்டங்களுக்குள் போகிற மண்பாதைகள். அவள் விரலால் ஒரு நூலைத் தொட்டாள். பக்கத்தில் ஏற்ற இறக்கம் ஒரு கோடாக வந்தது.

"இப்படி எத்தனை பாதை பாருங்க! யாருமே இங்க கிராவல் ஓட்டுறதில்லையா?"

"அங்க ரப்பர் ஷீட்டு கொண்டுவாற ஜீப்புதான் ஓடும்."

"நாம போலாமா?"

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது. பிள்ளைக்கு ஊர்ப் பாசம் வந்துவிட்டது என்று எங்கள் தமிழ்ச் சபைப் பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் இணையம் இல்லை என்று அழுகிறவர்கள்.

நாங்கள் மூவரும் கனடியக் குடியுரிமை வாங்கியவர்கள். எனக்கும் எட்வினுக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தது. ஹன்னாவுக்கு வாங்க வேண்டும். புகைப்படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. தாய் பிறந்த ஊரின் எழுத்து ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு முறை. குன்னத்துகால் என்பதை என் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் பழைய பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். எது சரி என்று போனில் ஒரு பெண் கேட்டாள். தமிழில் எழுதினால் சரியாக இருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

4

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தோம். எட்வினுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி கிறிஸ்துதாஸ் குன்னத்துகாலில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய வீட்டில் இருக்கிறான். வெள்ளறடையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பெட்டியைப் பிரித்து முற்றத்தில் பைக்குகளைப் பாகம் பாகமாகச் சேர்த்தபோது அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"இதுக்கு ஸ்டாண்டு இல்லியா?"

"கேரியரும் இல்ல, மட்கார்டும் இல்ல. பின்ன இதுல என்னதாம்லே உண்டு?"

தாஸ் என்னைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, உனக்கு நான் ஒரு ஸ்கூட்டர் எடுத்துத் தரட்டா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், என்னோடு பள்ளியில் படித்த மேரி கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா ஸ்டெல்லா, நீ நிக்கரும் போட்டுட்டு வெள்ளறடை ரோட்டுல சைக்கிள் சவுட்டுகதா சொல்லுகாவ. உள்ளதா?"

"உள்ளதாக்கும்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் நேரம் கிடைச்சுது."

விடிந்ததும் கிளம்பிவிடுவோம். குன்னத்துகாலிலிருந்து வெள்ளறடைக்கு ரோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். பனச்சமூடு சந்தையில் தெருவின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. மீன்காரிகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கூடையை வைப்பார்கள். அதைத் தாண்டியதும் தாரை விட்டுவிடுவோம். மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம், பிறகு ரப்பர், பிறகு வெறும் பாறை. மண்ணிலிருந்து சரல், சரலிலிருந்து செம்மண். சக்கரத்தின் சத்தம் மாறுவதை வைத்தே ஹன்னா பாதையின் தரத்தைச் சொல்வாள். கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னத் திரையில் நாங்கள் போன வழி கோடாக விழுந்துகொண்டே வரும். அந்தக் கோடு ஒரு காலையில் பலமுறை மாநிலம் மாறியது.

ஒரு வாரம் எனக்குச் சொர்க்கம். இரண்டாவது வாரமே கால் ஆட ஆரம்பித்தது. ஊரில் எல்லோரும் எப்போது திரும்பப் போகிறாய் என்று கேட்டார்கள். அதைக் கேட்டால் எரிச்சல் வந்தது. யாரும் கேட்காத நாளில் நானே டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். கனடாவில் முதியோர் இல்லத்தில் என் தளத்தில் இருக்கும் ஒரு கிழவர் எந்தக் கையால் சாப்பிட மறுப்பார் என்பது எனக்குப் பதிலாக வந்த நர்ஸுக்குத் தெரியுமா என்று யோசித்தேன். ஹன்னா நேர்மாறாக இருந்தாள். கடையில் மாமனோடு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அதெல்லாம் ஒரு விளையாட்டாகவே தெரிந்தது.

5

ஜனவரி பாதியில் ஒருநாள், தோட்டங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் பழைய ஜீப் பாதையைப் பார்க்க வேண்டும் என்றாள் ஹன்னா. தாஸும் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பின்னால் வந்தான். காடு தொடங்கும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. குறுக்கே கம்பு. காவலர் இளைஞர், நல்ல மரியாதைக்காரர்.

"எவிடெக்கா சேச்சி?"

நானும் மலையாளத்திலேயே சொன்னேன். உள்ளே கொஞ்ச தூரம் போய்விட்டு வந்துவிடுவோம், நாங்கள் குன்னத்துகால்காரர்கள்தான் என்று.

"ஐடி கார்டு உண்டோ?"

என்னிடம் இருந்தது பாஸ்போர்ட்டின் நகலும் அந்த அட்டையும். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்கடத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

"சேச்சி, நிங்ஙளு ஃபாரினர் ஆணல்லோ."

உள்ளே போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், வெளிநாட்டவர் என்றால் அதற்குத் தனி அனுமதி என்று பொறுமையாகச் சொன்னார். தாஸ் குறுக்கே வந்தான்.

"இது எனக்க கூடப்பிறந்த அக்காவாக்கும் சாரே. இஞ்ச பிறந்தவ."

"சேட்டன் பறஞ்ஞது சரியா. பட்சே கார்டில் கானடா."

நான் செய்ததுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. "ஸாரி" என்றேன். கனடாவில் ஒருவர் என் காலை மிதித்தாலும் நான்தான் ஸாரி சொல்வேன், அங்கே அது பழக்கம். நான் பிறந்த ஊருக்கு மேலே இருக்கும் மலையில், என்னை உள்ளே விடாத கம்புக்கு முன்னால் நின்று, அதே தொனியில் அதே ஸாரி. அந்த இளைஞர் சாவடிக்குள் போய் வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி, வேறு பாதையில் மலைமுகட்டுக்கு ஏறினோம். அங்கே தோட்டத்து ஆட்களுக்காக ஒரு சின்ன டீக்கடை உண்டு. தாஸ் பாத்திரத்தைத் திறந்தான். மரச்சீனியும் மீன்கறியும். என்னால் சாப்பிட முடியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஹன்னா ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அம்மா, அடுத்த வாரம் நான் உங்ககூட வரல."

எனக்குப் புரியவில்லை.

"இங்க இருக்கப்போறேன். இந்தப் பாதைகளை எல்லாம் முழுசா ஓட்டி வரைபடம் போடணும். அப்புறம் ஆட்களைக் கூட்டிட்டு வரணும். சின்னச் சின்னக் குழுவா. அந்த அனுமதிக்கும் எழுதிக் கொடுக்கணும்."

"எங்க தங்குவ?"

"மாமா கடைக்கு மேல மாடி காலியா இருக்கு."

தாஸ் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எங்கிட்ட சொல்லல்லியே தாஸே?"

"பிள்ள ஆசையா கேட்டா அக்கா. நீ சம்மதிச்சாத்தான் எண்ணு நானும் சொன்னேன்."

நான் ஹன்னாவின் பக்கம் திரும்பினேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். படிப்பை விட்டாய், பேசாமல் இருந்தேன். இந்த ஊரில் ஒரு பெண் தனியாக இருப்பது என்றால் என்ன என்று தெரியுமா என்றேன். கடைசியில் குரல் தணிந்து, "செரி, அம்மா ஊருன்னு ஒரு பாசத்துல நீ சொல்லுக. புரியுது. ஆனா பாசம் வேற, வாழ்க்கை வேற" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"உங்க ஊருங்கறதுனால இல்ல அம்மா. இந்த மலை எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த ஏற்றம், இந்த வளைவு, இந்த மண். இது வேற ஏதாவது நாட்டுல இருந்திருந்தா அங்க போயிருப்பேன்."

அதுதான் என்னைக் குத்தியது. ஊர்ப் பாசம் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டே. அவளுக்கு இது நல்ல மலை, அவ்வளவுதான். அதன் அடிவாரத்தில் நான் பிறந்தது அவளுக்கு ஒரு காரணமே இல்லை. ஹெல்மெட்டை மாட்டினேன். தாஸ், "அக்கா, நில்லு, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றான். நான் நிற்கவில்லை.

6

முகட்டிலிருந்து இறங்கும் அந்தப் பாதையை அதற்கு முன் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பருவம். பாதை முழுக்கச் சருகு. பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். பின்னால் ஹன்னா கூப்பிடுவது கேட்டது. "அம்மா, மெதுவா! அம்மா!" கேட்கக் கேட்க இன்னும் அழுத்தி மிதித்தேன்.

மழைத் தண்ணீர் வடியப் பாதைக்குக் குறுக்கே ஒரு ஓடை வெட்டியிருந்தார்கள். சருகு அதை மூடியிருந்தது. முன்சக்கரம் அதற்குள் போனது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்து நான் தரையில் கிடக்கிறேன். வாயில் மண். இடது தோளிலிருந்து ஒரு சூடு கழுத்துக்கு ஏறுகிறது. நர்ஸ் புத்தி முதலில் விழித்துக்கொண்டது. கால்விரலை அசைத்தேன், அசைந்தது. தலை சுற்றவில்லை. வலது கையால் தடவினேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள எலும்பு தோலுக்குள் மேடாக முட்டிக்கொண்டு நின்றது.

ஹன்னா பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அசையாதீங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாஸுக்குப் போன் அடித்தாள். சிக்னல் கிடைக்கவில்லை. அவன் மோட்டார் சைக்கிளில் தார் ரோடு வழியாகச் சுற்றி இறங்கியிருப்பான். கீழே தோட்டத்தில் இரண்டு பெண்கள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹன்னா அவர்களைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினாள்.

"மக்கா! எனக்க அம்மை விழுந்து கிடக்கா! எல்லு பொட்டிட்டு! ஒரு ஜீப்பு விளிக்கணும், ஓடி வாருங்க!"

வலியை மறந்து அவளைப் பார்த்தேன். பதினைந்து வருடமாக இந்தப் பிள்ளை வாயிலிருந்து முழுதாக ஒரு தமிழ் வாக்கியம் நான் கேட்டதில்லை. எலும்பை எல்லு என்கிற இது நான் வீட்டில் பேசிய தமிழும் அல்ல. ஆணி வாங்க வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட பேச்சு.

அந்தப் பெண்களில் மூத்தவள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பிறகு ஹன்னாவை ஏற இறங்கப் பார்த்தாள். "மக்காவா? எனக்கு உனக்க அம்மைய விட வயசுண்டு பிள்ள."

"மாமா எல்லாரையும் அங்ஙனதான விளிக்கும்?"

"ஆரு உனக்க மாமன்?"

"ஹார்டுவேர் கடை தாஸ்."

"அப்ப சொல்லண்டாமா!" அவள் இளையவளை விரட்டினாள். "எட்டி, ஓடிப்போய் ஷீட்டுப் புரையில ஜீப்பு நிக்குதாண்ணு பாரு."

ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையிலிருந்து ஜீப் வந்தது. ஹன்னா தன் மேல்சட்டையால் என் கையை மார்போடு கட்டியிருந்தாள், சரியான கட்டு. ஏறும்போது டிரைவரிடம் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணா, பைய போணும். குழி வந்தா முன்னாடியே சொல்லணும், நான் அம்மைய பிடிச்சுக்கிடுவேன்."

அந்த இறக்கம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "குழி வருது பிள்ளே... பிடிச்சோ." அவள் பிடித்தாள்.

7

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டால் கூடிவிடும் என்றார் டாக்டர். ஒரு ராத்திரி இருக்கச் சொன்னார்கள்.

வார்டு நர்ஸ் வந்து, "பைஸ்டாண்டர் ஆரு?" என்று கேட்டாள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு தங்கி எல்லாம் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தப் பெயர். நான் கனடாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியின் மகனிடம் நீங்கள் பைஸ்டாண்டரா என்று கேட்டுவிட்டேன். வேடிக்கை பார்க்க வந்தவனா என்று கேட்டதாக நினைத்து அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் ஆக்கும்" என்றாள் ஹன்னா.

அவள் என் தலையை வாரினாள். சேறு படிந்த முகத்தைத் துடைத்தாள். கழிவறைக்குக் கூட்டிப்போய்த் துணியை இழுத்துவிட்டாள். தினமும் மற்றவர்களுக்கு நான் செய்கிற வேலைதான். எனக்கு ஒருவர் செய்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஒரு கைய வச்சிட்டு நான் எப்படித் தனியா போவேன்?"

அவள் யோசிக்கவே இல்லை. "தனியா எதுக்குப் போணும்? கொண்டுபோய் விட்டுட்டு வாறேன்."

தமிழில்தான் சொன்னாள். விட்டுவிட்டு வருகிறாளாம். அவளுக்குப் போவது எது வருவது எது என்பது முடிவாகிவிட்டது. நான் கஞ்சியைக் குடித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முற்றத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஹன்னா என் பைக்கைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றப்போனாள். பக்கத்தில் அது வந்த அட்டைப்பெட்டி. முன்சக்கரம் ஓடையில் விழுந்து வளைந்ததைக் கம்பி கம்பியாக முறுக்கி நிமிர்த்திவைத்திருந்தாள். அவளுடைய பைக் சுவரில் சாய்ந்து நின்றது. அதற்குப் பெட்டி எடுக்கப்படவில்லை.

கட்டுப் போட்ட கையோடு அங்கேயே நின்றேன். இந்தப் பிள்ளை என்னோடு விமானத்தில் ஏறி, என்னை வீட்டில் விட்டு, சமைத்துக் கொடுத்து, நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கும். எனக்கு அந்த நடை தெரியும்.

"கழட்டாண்டாம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சயே கிடக்கட்டும். ஆள் வந்தா ஓட்டக் குடு. ஒரு பைக்க வச்சு ஆரைக் கூட்டிட்டுப் போவ?"

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் நல்ல தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிரீஸ் கறை என் சட்டையில் ஒட்டிவிட்டது. உள்ளேயிருந்து தாஸ், "அப்ப மாடிக்கு பெயின்ட் அடிக்கலாமா அக்கா?" என்றான்.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கித் தனியாகவே வந்தேன். அவள் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்ய மனம் வரவில்லை. மார்ச் கடைசிக்கு மாற்றிவைத்தேன். மனம் மாறினால் வரட்டும் என்று. அந்தத் தேதிதான் இன்று.

8

வீட்டுக்கு வந்து சோறு சூடு பண்ணிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. கடை மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே பஸ் சத்தம். கறுத்துப்போயிருந்தாள். இன்று திருவனந்தபுரத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்களாம், முதல் குழு. என் பைக்கும் ஓடப்போகிறது. காட்டுக்குள் போகும் அனுமதி இன்னும் வரவில்லை, அதனால் விளிம்புப் பாதைகள் மட்டும். அந்தக் காவலர் வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, மேலிடத்திலிருந்து பதில் வந்ததா என்று இவளிடமே கேட்கிறாராம்.

"சாப்பிட்டியா?"

"இட்லி தின்னணும். ஷீபா மாமி கொண்டுவந்து வச்சிருக்கு." ஷீபா தாஸின் மனைவி. ஹன்னா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "அம்மா, ஒரு காரியம் கேக்கணும். வரைபடத்துல வழிக்கெல்லாம் பேரு போடுகேன். எனக்கு இஷ்டத்துக்கு இங்கிலீஷுல பேரு வச்சிருந்தேன். ஜீப்புக்காரங்க சிரிக்காங்க. அவங்க விளிக்கிற பேரத்தான் போடணும்னு மாமா சொல்லிச்சு."

"செரிதான். போடு."

"அந்த முகட்டுலேருந்து இறங்குற வழி இருக்குல்ல..." சிரிப்பை அடக்கினாள். "அதுக்கு இப்ப எல்லாரும் ஒரு பேரு சொல்லுகாங்க. கனடாக்காரி விழுந்த இறக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தோள் வலிக்க வலிக்கச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைச் சோற்றின் ஆவி என்று சொல்லிக்கொண்டேன்.

"உங்களுக்கு வருத்தம்னா மாத்திடுகேன். வேற பேரு போடலாம்."

"மாத்தாத" என்றேன். "ஓடை எங்கன்னும் குறிச்சு வை. வாறவங்க விழாண்டாம்."

போனை வைத்த பிறகு சோற்றை முழுதாகச் சாப்பிட முடியவில்லை. எழுந்து நடந்தேன். மழைக்காலம் முடிந்து டிசம்பரில் லீவு வேண்டும் என்று மேலாளருக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். கிடைக்குமா, தெரியாது. கிடைத்தாலும் இரண்டாவது வாரமே திரும்ப வேண்டும் என்று தோன்றிவிடும், அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை யாரையும் அழைத்து வருவதற்காகப் போகவில்லை. அந்த இறக்கத்தை பிரேக் பிடித்து, விழாமல், ஒருமுறை இறங்க வேண்டும்.